சிப்பாய்ப் பாதிரியின் கல்லறை

எபி ராசா,

மூப்பர் வாயால் உன் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன்னைப் பெற்ற நைனாவை, என்னைத்தான், பார்த்து ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

வருகிற மாதம் உன்னைப் பாதிரியாகப் பிரதிஷ்டை செய்கிற அன்றைக்கு நம் சிப்பாய்ப் பாதிரியின் சரித்திரத்தைத்தான் பிரசங்கத்தில் சொல்லப்போகிறேன், அவர் கல்லறையில் வெட்டியிருக்கிற வரிகளை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். என் தாத்தாவின் கல்லறையை முப்பது வருஷமாக ஊருக்கே வாசித்துக் காட்டினவன் நான். கல்யாணமான வாரமே உன் அம்மாவுக்கு வாசித்தேன். நீ நடக்கப் பழகியதும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாசித்தேன். "துப்பாக்கியை விட்டு வேதத்தை எடுத்தவர் இங்கே இளைப்பாறுகிறார்" என்று கல்மேல் விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பேன். இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் நைனாவுக்குத் தெலுங்கு வாசிக்க வராது.

பேசச் சொன்னால் நெல்லூர்க்காரன் என்னிடம் தோற்பான். எழுத்தைக் காட்டினால் வளையல் கடையைப் பார்த்தது போல இருக்கும், எல்லாம் வட்டம் வட்டமாக. நான் படித்தது தேர்டு ஃபாரம், அதுவும் தமிழ் செக்ஷன். ஆந்திரா என்று ராஜ்யம் பிரிந்த பிறகு ஸ்டேஷனுக்குத் தெலுங்கில் ஏதாவது காகிதம் வந்தால், கண்ணருகே பிடித்துப் பார்த்து, "சரே, சூஸ்தானு", சரி பார்க்கிறேன் என்று மடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குத் தண்டவாளத்தைத் திருப்பத் தெரிந்தால் போதும், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நம் ஜனம் தமிழ். மிஷன் வந்தது வடக்கே தெலுங்குச் சீமையிலிருந்து, அதனால் கல்லும் சபைப் புத்தகமும் தெலுங்கில். நீயும் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், அதனால் உன்னிடமும் தப்பித்தேன். அந்தக் கல்லில் இருப்பதாக நான் வாசித்த வரி நானே கட்டியது. சின்ன வயதில் என் நைனா வருஷத்துக்கு ஒரு தரம், உயிர்த்தெழுந்த திருநாளன்று, என்னை அங்கே கூட்டிப்போய்த் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு நிற்பார். "இது யாரு நைனா?" என்று கேட்டால், "நம்மாளு" என்பார். அவ்வளவுதான் சொல்வார். மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

நீ கேட்டது எழுத்துக்கு எழுத்து என்பதால், மிஷன் பள்ளிக்கு நெல்லூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் கருணம்மா டீச்சரை அழைத்துக்கொண்டு போனேன். மூப்பரும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். கல்லில் பாசி. தேங்காய் நார் வைத்துத் தேய்த்துவிட்டு, வழக்கம் போல விரலை ஓட்டி என் வரியை வாசித்துக் காட்டி, "இத அப்பிடியே தமிழ்ல எய்திக் குடும்மா" என்றேன். டீச்சர் குனிந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கல்லைப் பார்த்தது.

"அண்ணா, மீரு தப்பா நெனக்காதீங்க. இது ஒரு பொம்பள சமாதி."

"இன்னாம்மா சொல்றே?"

"சாந்தம்மான்னு எழுதியிருக்குது. மிஷன் பங்களாவுல சமையல் செஞ்சவங்களாம். சொந்தக்காரங்க இல்ல, துரையம்மா வச்ச கல்லு."

மூப்பர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "இன்னாடா, முப்பது வருசமா பங்களா சமையக்காரிக்கா மால போட்டுக்கினு இருந்தே? உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்றார். "சோறு போட்ட கைக்கு மால போட்டா தப்பா மூப்பரே?" என்று நானும் சிரித்து வைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்க என்னைப் பார்த்து, "சாந்தம்மா சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் களியைப் போட்டு வைத்துவிட்டு, "அப்போ நம்ம பெரியவரு எங்க இருக்காரு?" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் டீச்சரும் நானும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் எல்லாக் கல்லையும் தேய்த்துப் பார்த்தோம். அவர் இல்லை. பங்களாவில் இரும்புப் பெட்டிக்குள் பழைய சபைப் புத்தகம் இருக்கிறது என்று மூப்பர்தான் சொன்னார். நம்முடையது முழுக்குச் சபை. பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துப் பெயர் எழுதுவது நம்மிடம் கிடையாது. வயது வந்தவன் தானே எழுந்து நின்று, நான் ஏன் முழுக்குக்கு வருகிறேன் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுச் சபை சம்மதித்துக் கை தூக்கினால் ஏரியில் முழுக்கு. சொன்னது சொன்னபடி புத்தகத்தில் ஏறும். இது உனக்குத் தெரிந்ததுதான். அந்தப் புத்தகத்தில் உன் நைனா பெயர் கிடையாது என்பதும் தெரிந்ததுதான். பதினாறு வயதில் ஏரியில் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்விட்டுப் பயந்து ஓடி வந்தவன் என்று எனக்குப் பட்டம். அதைச் சொல்லி என்னைவிட அதிகமாகச் சிரித்தவர் யாரும் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், பாட்டுக்குக் குரல் கொடுக்கிறேன், கை தூக்கும் நேரத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னை ஊழியத்துக்கு அனுப்பலாமா என்று சபை கை தூக்கின அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பி அவரைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் தமிழில் சொன்னதை எவனோ தெலுங்கில் எழுதியிருக்கிறான். அதை டீச்சர் தன் நெல்லூர்த் தமிழில் எனக்குச் சொன்னது. நான் என் எழுத்தில் உனக்கு எழுதுகிறேன். மூன்று கை மாறி வருகிறது. ஆனாலும் கேள்.

"பெயர் சின்னான். முன்னாள் சிப்பாய். வடக்கே கலகம் நடந்தபோது பட்டாளத்தோடு போனவன். ஏன் வந்தாய் என்று கேட்டதற்குச் சொல்கிறான்: கட்டி நிறுத்தின ஆட்களைச் சுடச் சொன்னார்கள். சுட்டேன். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. ஏரியில் முங்கும்போது மட்டும் கேட்பதில்லை. பாதிரி கையால் முங்கினால் வெளியே வந்த பிறகும் கேட்காது என்றார்கள். அதற்காக வந்தேன்."

சபை கை தூக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் அவர் நல்ல பெயரோடுதான் இருக்கிறார். ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்திருக்கிறார், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார், தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களைத் தன் தோளில் தூக்கிப் போய்ப் புதைத்திருக்கிறார். பஞ்சம் முடிந்த பக்கத்தில், "மறுபடியும் சத்தம் கேட்கிறது என்கிறான், குடிக்கிறான்" என்று இருக்கிறது. மூன்று தரம் புத்தி சொன்னதாக இருக்கிறது. பிறகு சபையை விட்டு நீக்கினதாக இருக்கிறது. கடைசி வரியை டீச்சர் வாசிக்காமல் புத்தகத்தை மூடப் பார்த்தது. "வாசிம்மா, நான் பாயிண்ட்ஸ்மேன், எல்லாத்தையும் பாத்தவன்" என்று வீராப்பாகச் சொன்னேன்.

"சின்னான் ஏரியில் கிடைத்தான். மகன் வயது பன்னிரண்டு, அடையாளம் காட்டினான். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை."

அந்தப் பன்னிரண்டு வயது மகன்தான் என் நைனா. எபி, என்னைப் பற்றி ஊர் சொல்லும் கதையில் பாதிதான் நிஜம். நான் ஏரிக்குள் போனது நிஜம். நானாக ஓடி வரவில்லை. பாதிரி என் முதுகில் கையை வைத்துச் சாய்த்த நேரத்தில், கரையில் இருந்த நைனா வேட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "போதும், வாடா" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கரையேறினதும் எல்லோரும் என்ன என்ன என்று கேட்டார்கள். அவர் என் கையை விடாமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் முந்திக்கொண்டு, "தண்ணிய பாத்தா பயமா கீது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தொடங்கின கோமாளித்தனம்தான் இது. எதற்காக இழுத்தார் என்று அவர் சாகும் வரைக்கும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் கழித்து இரும்புப் பெட்டி சொல்கிறது. அப்பாவை எந்தத் தண்ணீரிலிருந்து தூக்கினதைப் பார்த்தாரோ அதே தண்ணீரில் மகன் தலை மல்லாந்து சாய்வதை அவரால் பார்க்க முடியவில்லை.

அவர் எதற்காகச் சாந்தம்மாவின் கல்லருகே போய் நின்றார் என்றும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாசிக்கத் தெரியாமல் நின்றார் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அவர் தெலுங்கு வாசிப்பார், எபி. சிப்பாய்ப் பாதிரி மகனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துத்தான் போயிருக்கிறார். உள்ளே இடம் கொடுக்காத அப்பனுக்காக வருஷத்தில் ஒரு நாளாவது உள்ளே எங்கேயாவது நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார். யாரும் வராத கல் எது என்று பார்த்திருப்பார். சாந்தம்மாவும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். மூப்பரின் பெரியப்பா சொன்னதாக மூப்பர் சொல்கிறார், ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலங்காட்டில் புதைத்தார்களாம். போய்ப் பார்த்தேன். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இன்ன இடம் என்று காட்ட ஒரு மேடுகூட இல்லை.

இனி, நீ பிரசங்கத்தில் சொல்ல வைத்திருக்கும் கதைக்கு வருகிறேன். வீரப் பதக்கம் வாங்கின சிப்பாய், பிச்சாட்டூர் பக்கம் ஆரணி ஆற்றைக் கடக்கும்போது பாதிரியின் பாட்டைக் கேட்டு, பதக்கத்தைப் பிய்த்து ஆற்றில் எறிந்து, அந்த நிமிஷமே முழுக்கு எடுத்தார் என்ற கதை. அந்தப் பதக்கம் எங்கே செய்தது தெரியுமா? புத்தூரில், எலும்புக் கட்டுப் போடும் இடத்தில், ஒரு வேப்பமரத்து நிழலில் செய்தது. உனக்கு ஆறு வயது. புளியமரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாய். மருந்தும் துணியும் சுற்றி மூங்கில் பட்டை வைத்துக் கட்டும்போது நீ போட்ட சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டன. உன் வாயை மூட எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சிப்பாய்ப் பாதிரி. முதல் கட்டுக்குத் துப்பாக்கி கொடுத்தேன். இரண்டாம் கட்டுக்குப் பதக்கம் கொடுத்தேன். மூன்றாம் கட்டுக்கு ஆற்றில் வெள்ளம் வரவைத்தேன். "அப்பறம் நைனா, அப்பறம்?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலாம் கட்டுக்கு முன்னால், அரிக்குது அரிக்குது என்று நீ அழுவதைப் பொறுக்காமல், வைத்தியர் சொன்ன கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே நானே வீட்டில் கட்டை அவிழ்த்துவிட்டேன். அதனால்தான் அந்தக் கை இன்றைக்கும் முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நிற்கிறது. வைத்தியர் மேல் குற்றம் இல்லை. என் இளகின மனசுக்கு நீ கொடுத்த விலை அது.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ இருந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வேதாகமப் பள்ளிக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியும். நீ ஏறி நிற்கப்போகிற பலகைக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று பலகை அடித்தவனே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான் அதில் கெட்டிக்காரன். ஆனால் டீச்சர் புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கங்களையும் திருப்பினது. அங்கே உன் பெயர் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ முழுக்குக்கு நின்றபோது, ஏன் வந்தாய் என்று சபை கேட்டதற்கு நீ சொன்ன பதில். பதக்கம், ஆறு, வெள்ளம், ஒன்று விடாமல் அப்படியே எழுதியிருக்கிறது. சின்னான் நின்ற அதே புத்தகத்தில். அந்த மனுஷன் எழுந்து நின்று, சுட்டேன் என்று சொன்னான். நீ எழுந்து நின்று என் பொய்யைச் சொன்னாய்.

நீ முழுக்குக்குப் பெயர் கொடுத்த மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நம் பக்கத்தில் எல்லைச் சண்டை கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் எந்த எழுத்து மேலே இருக்க வேண்டும் என்று தார் டின்னோடு வருவார்கள். இன்றைக்குத் திருத்தணி அந்தப் பக்கம் போய், நாம் ஆந்திராப் பக்கமே நின்று, எல்லாம் அடங்கிவிட்டது. பலகையில் இரண்டு எழுத்தும் இருக்கிறது, வண்டி இரண்டையும் பார்க்காமல் போகிறது. நீ பெயர் கொடுத்த அந்த மாதத்தில் ஒரு நாள், பகல் பாசஞ்சர் போன பிறகு ஒரு கூட்டம் வந்தது. எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த நரசய்யாவைப் பலகைக்குக் காவலாக ஸ்டேஷன் மாஸ்டர் நிற்க வைத்திருந்தார். தெலுங்குக்காரர், அதிர்ந்து பேசாத மனுஷன், உனக்கு எத்தனையோ தரம் மாங்காய் அறுத்துக் கொடுத்தவர். நான் தண்டவாளம் திருப்பும் லீவரண்டை நின்றிருந்தேன். கல் வந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. டிராலியில் படுக்க வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு, வழி முழுக்க, "எவரய்யா அதி? எவரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யார் அது, யார் என்று. சின்னானுக்குத் துப்பாக்கிச் சத்தம். எனக்கு அந்தக் கேள்வி.

விசாரணைக்கு வந்தவர், "யாரையாவது அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். "வெயில் கண்ல அட்ச்சிதுங்க சார், ஒண்ணும் தெரியல" என்றேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது.

அந்தக் கண் போனதால் நரசய்யாவைத் திருப்பதி ஸ்டேஷனில் தண்ணீர் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இப்போதும் பிளாட்பாரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் சொம்போடு உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் பார்த்தேன். நீ பாதிரியாகப் போவது அவருக்கும் தெரிந்திருக்கிறது. "மீ அப்பாயி ஐயரு ஆயிட்டாராமே! நா கண்ணு கோசம் ஒரு ஜெபம் செய்யச் சொல்லுங்க அண்ணா" என்றார். அவர் கண்ணுக்காக உன்னை ஜெபிக்கச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கை தூக்கக்கூட உரிமை இல்லாதவன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரதிஷ்டைக்கு வரும் வழியில் திருப்பதியில் இறங்கு. சட்டைக்கு மேல் அங்கி எதுவும் வேண்டாம். அவர் கையால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார். உட்கார்ந்த பிறகு என்ன பேச வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ பாதிரியாக நின்றாலும் சரி, குமாஸ்தாவாகத் திரும்பினாலும் சரி, நீ வரும் வண்டிக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன். தண்ணீருக்குள் கேட்காத சத்தம் தண்ணீருக்கு வெளியே காத்துக்கொண்டிருக்கிறது என்று நம் வீட்டில் ஒருத்தர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இரண்டாவதாக ஒருத்தரைக் கரையில் கிடத்தி அடையாளம் காட்ட எனக்குத் தெம்பு இல்லை.

உன் முழுக்கு அன்றைக்கு நானும் கரையில் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? பாதிரி உன்னைச் சாய்த்தார், நிமிர்த்தினார், எல்லோரும் பாடினார்கள். நீ நனைந்த வேட்டியோடு நேராக என்னிடம் வந்து, "உள்ள ஒண்ணுமே கேக்கல நைனா, அவ்ளோ அமைதி" என்றாய். நான், "தலைய தொவட்டுடா, சளி புடிக்கும்" என்று துண்டைப் போட்டு உன் முகத்தை மூடினேன். மூடின துண்டோடு உன்னைப் பார்த்தபோது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு ஸ்டேஷனில் எல்லோர் முகமும் மூடித்தான் இருந்தது, எபி. ஆனால் அந்தக் கல்லை எறிந்த வலது கை முழுதாக நீளவில்லை.